வட்ட வயரில் ஓடும் நெட்வேர் சர்வரிலிருந்து லேப்டாப்புக்குக் கணக்கைக் கொண்டுவருவது எப்படி?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். காரைக்குடிப் பக்கத்தில் ஒரு நகரச் சங்க அலுவலகம், பழைய வீட்டில் இயங்குகிறது. 1994-ல் போட்ட மூன்று கணினிகள்: இரண்டாம் கட்டில் நெட்வேர் 3.12 (கோப்புகளைப் பொதுவில் வைத்துத் தரும் பழைய சர்வர் மென்பொருள்) ஓடும் சர்வர், முகப்பில் இரண்டு டாஸ் மெஷின்கள். மூன்றையும் ஒரு கறுப்பு வட்ட வயர் (கோஆக்ஸ்) வளவைக் கடந்து இணைக்கிறது. புள்ளிக் கணக்கும் (சங்கக் குடும்பங்களின் கணக்கு) வரி வரவும் டிபேஸ் என்கிற பழைய தரவுத்தள மென்பொருளின் கோப்புகளாக அதில்தான் இருக்கின்றன. கணக்குப்பிள்ளை ஐயா இன்னும் அதில்தான் பதிகிறார், வருஷக் கணக்கு முடியும்வரை மாற மாட்டேன் என்கிறார். உங்கள் லேப்டாப்பில் இப்போதைய நெட்வொர்க் வயர் மாட்டும் ஆர்ஜே-45 துளை மட்டும் இருக்கிறது. "வட்ட வயரிலிருந்து இதற்கு மாற்ற ஒரு கன்வெர்ட்டர் வாங்கினால் போதுமா?" என்பது உங்கள் கேள்வி.

வயரைச் சேர்க்க ஒரு பெட்டி போதும். ஆனால் வயர் சேர்ந்துவிட்டதாலேயே லேப்டாப்புக்குச் சர்வர் தெரிந்துவிடாது, ஏனென்றால் இரண்டும் பேசுகிற பாஷை வேறு. கோப்பு வந்து சேர்ந்த பிறகும் பெயர்கள் தமிழாகத் தெரியாமல் கிறுக்கலாக நிற்கலாம். ஆக நீங்கள் ஒன்றாகக் கேட்டதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன: வயர், பாஷை, எழுத்து. பலர் முதலாவதில் பணத்தைப் போட்டுவிட்டு இரண்டாவதில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

ஒன்றும் வாங்குவதற்கு முன் டார்ச் அடித்து மூன்று மெஷின்களின் பின்பக்கத்தையும் பாருங்கள். அந்தக் காலத்து நெட்வொர்க் கார்டுகளில் பல காம்போ வகை. வட்ட வயர் மாட்டும் பிஎன்சி முனைக்குப் பக்கத்திலேயே ஆர்ஜே-45 துளையும் இருக்கும். மூன்றிலும் அது இருந்தால் வட்ட வயரையே மறந்துவிடலாம். சாதாரண 10/100 நெட்வொர்க் சுவிட்ச் ஒன்றும் கேட்-5இ வயரும் போதும். வயர் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும், முகப்பிலிருந்து பின்கட்டுவரை நீண்டு அடுத்த தெருவில் முடிகிற வீடாக இருந்தாலும் பெரும்பாலும் எட்டிவிடும். (அந்தச் சுவர்களின் கனத்துக்கு வைஃபையை நம்புவதைவிட வயர் இழுப்பதே மேல்.) இதில் வழக்கமாக நேரும் தடங்கல் ஒன்று: வயரை ஆர்ஜே-45-இல் மாட்டிய பிறகும் கார்டு பிஎன்சி பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும். சில கார்டுகளில் ஜம்பரை மாற்ற வேண்டும். திரீகாம் 3சி509 போன்றவற்றில் கார்டோடு வரும் டாஸ் அமைப்பு நிரலில் மாற்ற வேண்டும்.

பிஎன்சி மட்டும்தான் இருக்கிறது என்றால் அது 10பேஸ்2 என்கிற பழைய ஈதர்நெட். நொடிக்கு 10 மெகாபிட் வேகம், ஒரு வரிசையில் அதிகபட்சம் 185 மீட்டர், 30 கணினிகள், ஒரு கணினிக்கும் அடுத்ததற்கும் குறைந்தது அரை மீட்டர் வயர். சிசிடிவி கடையில் "கோஆக்ஸ் வயரில் ஈதர்நெட் போகும்" என்று ஒரு ஜோடி கன்வெர்ட்டர் எடுத்துக் கொடுப்பார்கள். வாங்காதீர்கள். அது தன் ஜோடியோடு மட்டும் பேசும் வேறு தொழில்நுட்பம், உங்கள் கார்டின் சிக்னல் அதற்குப் புரியாது. உங்களுக்கு வேண்டியது பின்னால் ஒரு பிஎன்சி முனையும் வரிசையாக ஆர்ஜே-45 துளைகளும் உள்ள பழைய 10 மெகாபிட் ஹப். புதிதாக இப்போது கிடைக்காது. சென்னை ரிச்சி தெருவில் பழைய சரக்குக் கடைகளிலோ இணையத்திலோ தேட வேண்டும். திரீகாம் ஆஃபீஸ்கனெக்ட் வரிசையில் பெயர் டிபிசி என்று முடிகிறவற்றில் அந்த முனை உண்டு.

ஹப்பை வரிசையின் ஒரு கடைசியில் சேருங்கள். முகப்பு மெஷினில் இருக்கும் டெர்மினேட்டரை (வயர் வரிசையின் கடைசியை முடிக்கும் சிறு மூடி) கழற்றி, அந்த இடத்தில் அரை மீட்டருக்குக் குறையாத வயரை மாட்டி, அதன் மறுமுனையில் ஒரு டி கனெக்டர், டி-யின் நடுக்கால் நேராக ஹப்பின் பிஎன்சியில், மிச்சமிருக்கும் கையில் கழற்றிய டெர்மினேட்டர். டி-க்கும் கார்டுக்கும் நடுவே துண்டு வயர் போட்டு நீட்டக் கூடாது. சில ஹப்களுக்குள்ளேயே டெர்மினேட்டர் இருக்கும், வெளியே ஒரு சிறு ஸ்விட்ச் தெரியும். அதைப் போட்டால் வெளி டெர்மினேட்டர் வேண்டாம். ஹப்பின் ஆர்ஜே-45 துளையிலிருந்து நேராக லேப்டாப்புக்குப் போகாமல் நடுவே ஒரு மலிவான 10/100 சுவிட்ச் வையுங்கள். இப்போது வரும் 2.5 கிகாபிட் துறைகள் (போர்ட்டுகள்) சிலவற்றுக்கு 10 மெகாபிட்டே தெரியாது. ஹப் ஹாஃப் டூப்ளெக்ஸில் (ஒரு நேரத்தில் ஒரு திசையில்) மட்டும் ஓடும், சுவிட்ச் அதைத் தானே கண்டுகொள்ளும். "வேகம் கூடட்டும்" என்று எங்கேயாவது ஃபுல் டூப்ளெக்ஸைக் கட்டாயமாகப் போட்டால் லிங்க் விளக்கு எரியும், கோப்பு மட்டும் நகராது.

வயர் விஷயத்தில் மிக அதிகமாக நடக்கும் தப்பு, கேபிள் டிவி வயரை ஒட்டுப் போடுவது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். டிவி வயர் ஆர்ஜி-6 அல்லது ஆர்ஜி-59, 75 ஓம். இது ஆர்ஜி-58, 50 ஓம். மேலுறையிலேயே அச்சடித்திருக்கும், படித்துப் பார்த்து வாங்குங்கள். ஓம் மாறும் இடத்தில் சிக்னல் திரும்பி எதிரொலிக்கும், கார்டுகள் அதை மோதல் என்று நினைத்துக்கொள்ளும். அளந்து பார்க்க சாதாரண மல்டிமீட்டர் போதும். எல்லோரையும் லாக்-அவுட் செய்யச் சொல்லிவிட்டு, கார்டுகளிலிருந்தும் ஹப்பிலிருந்தும் டி-யை மட்டும் உருவுங்கள். வயர் டி-யோடு சேர்ந்தே இருக்கட்டும். ஏதாவது ஒரு டி-யின் நடு ஊசியில் ஒரு முனை, வெளி வளையத்தில் மறு முனை. இரண்டு கடைசியிலும் டெர்மினேட்டர் சரியாக இருந்தால் 25 ஓமும் வயரின் சொந்தத் தடையாக ஓரிரு ஓமும் காட்டும். 50-ஐ ஒட்டிக் காட்டினால் ஒரு டெர்மினேட்டர் போய்விட்டது அல்லது நடுவில் வயர் அறுந்திருக்கிறது. 17-ஐ ஒட்டிக் காட்டினால் எங்கோ மூன்றாவது டெர்மினேட்டர் இருக்கிறது. பூஜ்யம் என்றால் ஏதோ ஒரு கிரிம்ப்பில் (வயரில் முனையை நசுக்கிப் பொருத்திய இடத்தில்) பின்னல் கம்பியின் ஒரு இழை நடு ஊசியைத் தொடுகிறது. டெர்மினேட்டர் கிடைக்கவில்லையென்றால் இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர்களைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து ஒரு பிஎன்சி முனைக்குள் பற்றவைத்தால் 50 ஓம் ஆகிவிடும்.

உங்கள் வயர் வளவின் திறந்த முற்றத்தைக் கடக்கிறது என்பதால் இன்னும் இரண்டு. மழைநீர் கிரிம்ப் வழியாக உள்ளே இறங்கி, செம்புப் பின்னல் பச்சை பிடிக்கும். மீட்டரில் எண் ஒரு நிலையில் நிற்காமல் ஆடினால் முதலில் அந்த முனையைச் சந்தேகப்படுங்கள். அடுத்து, வயரின் வெளிப் பின்னல் ஓரிடத்தில் மட்டுமே எர்த்தைத் தொடலாம். இரண்டாம் கட்டும் முகப்பும் வெவ்வேறு லைனில் இருந்து, பிஎன்சி உலோகம் இரண்டு பக்கமும் கேபினெட்டில் இடித்துக்கொண்டிருந்தால் பின்னலில் கரண்ட் ஓடும், தொட்டால் சுரீரென்று அடிக்கும். டி-க்களுக்குப் பிளாஸ்டிக் உறை போடுங்கள். ஐப்பசி இடியின்போது ஹப்பைக் கழற்றி வைப்பது நல்லது.

இனி பாஷை. நெட்வேர் 3.12 இயல்பாகக் கோப்புகளை ஐபிஎக்ஸ் என்கிற பழைய நெட்வொர்க் நெறிமுறையில் மட்டுமே தரும். 1998-ல் வந்த நெட்வேர் 5-இல்தான் அந்த வேலை, இன்றைய இணையம் பேசும் டிசிபி/ஐபி மேலும் நேரடியாக ஓட ஆரம்பித்தது. லேப்டாப் பக்கமோ, விண்டோஸ் விஸ்டாவிலிருந்து ஐபிஎக்ஸ் கிடையாது. லினக்ஸ் கெர்னலும் 2018-ல் அதை நீக்கிவிட்டது. சர்வரின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி லேப்டாப்பில் மாட்டும் யோசனையையும் விட்டுவிடுங்கள். நெட்வேரின் கோப்பு அமைப்பை விண்டோஸ் படிக்காது, பார்மட் செய்யவா என்று கேட்கும், அவசரத்தில் யாராவது சரி என்று அழுத்திவிட்டால் தீர்ந்தது.

இருக்கும் வழிகள் இரண்டு. முதலாவதில் டாஸ் மெஷினே இடைத்தரகர். காலையில் வழக்கம்போல் லாக்-இன் செய்து, எஃப் டிரைவில் (சர்வரின் டிஸ்க் அப்படித்தான் தெரியும்) இருக்கும் கணக்கு டைரக்டரியை உள் டைரக்டரிகளோடு அந்த மெஷினின் சி டிரைவுக்குக் காப்பி செய்யுங்கள். நெட்வேரின் என்காப்பி கட்டளை போதும். பிறகு நெட்வேர் ஏறாத ஒரு பூட் பிளாப்பியில் மெஷினை மறுபடி எழுப்புங்கள். நெட்வேரின் டிரைவரும் நாம் போடப்போகும் பாக்கெட் டிரைவரும் (டாஸில் டிசிபி/ஐபி பேசுவதற்காகக் கார்டை இயக்கும் சிறு நிரல்) ஒரே கார்டை ஒரே நேரத்தில் பிடிக்க முடியாது, அதற்காகத்தான் இந்தப் பூட் பிளாப்பி. அதில் கார்டுக்குரிய பாக்கெட் டிரைவரும், மைக்கேல் பிரட்மன் எழுதி இலவசமாகத் தரும் எம்டிசிபி என்கிற டாஸ் டிசிபி/ஐபி தொகுப்பும் இருக்கட்டும். என்ஈ2000 வகைக் கார்டானால் டிரைவருக்கு மூன்று எண்கள் சொல்ல வேண்டும்: மென்பொருள் இன்டரப்ட், வழக்கமாக ஹெக்ஸில் (பதினாறடிமான எண்முறையில்) 60, கார்டு கணினியைக் கூப்பிடும் எண்ணான ஐஆர்க்யூ, அனேகமாக 3, போர்ட் முகவரி, அனேகமாக ஹெக்ஸில் 300. பின்னவை இரண்டும் கார்டின் ஜம்பரைப் பொறுத்தவை. பழைய நெட்வேர் அமைப்பின் நெட்.சிஎஃப்ஜி கோப்பில் இந்த எண்கள் எழுதியிருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஐஆர்க்யூ 3-ஐ இரண்டாவது சீரியல் போர்ட்டும் கேட்கும். டிரைவர் ஏறியும் ஒரு பாக்கெட்கூட வரவில்லையென்றால் அந்தச் சண்டைதான் காரணமாக இருக்கும்.

எம்டிசிபி-யின் அமைப்புக் கோப்பில் அதே ஹெக்ஸ் 60-ஐ எழுதி, டாஸ் மெஷினுக்கு 192.168.5.10, லேப்டாப்பின் வயர் துறைக்கு 192.168.5.20, இரண்டுக்கும் மாஸ்க் 255.255.255.0 கொடுங்கள். பிங் போய் வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பிறகு டாஸ் பக்கம் எம்டிசிபி-யின் எஃப்டிபி (கோப்பு அனுப்பும் நெறிமுறை) சர்வரை ஓடவிட்டு, லேப்டாப்பில் ஃபைல்ஜில்லா போன்ற ஒன்றால் இழுங்கள். பிரவுசரில் முயல வேண்டாம், குரோமும் பயர்பாக்ஸும் 2021-லேயே எஃப்டிபி-யைக் கைவிட்டுவிட்டன. பழைய கார்டும் பழைய டிஸ்க்கும் நொடிக்குச் சில நூறு கிலோபைட் தந்தால் சந்தோஷப்படுங்கள். சங்கக் கணக்கு அளவுக்கு அது சில நிமிஷ வேலை. எஃப்டிபி-யில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் போகும் என்பதால் இந்தச் சுவிட்சை இணைய ரௌட்டரோடு சேர்க்காதீர்கள்.

வாரா வாரம் இதைச் செய்ய வேண்டுமென்றால் இரண்டாவது வழி சுகமானது. லேப்டாப்பில் வர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) போட்டு அதற்குள் விண்டோஸ் எக்ஸ்பி புரொஃபஷனல். எக்ஸ்பி-யில் ஐபிஎக்ஸும் இருக்கிறது, நெட்வேர் சர்வரில் நுழைவதற்கான கிளையண்ட்டும் இருக்கிறது. ஹோம் பதிப்பில் அந்தக் கிளையண்ட் இல்லை. வர்ச்சுவல் நெட்வொர்க் கார்டை பிரிட்ஜ்டு முறையில் வயர் துறையோடு கட்டுங்கள். வைஃபையோடு கட்டினால் வர்ச்சுவல்பாக்ஸ் ஐபி பாக்கெட்டுகளை மட்டுமே கடத்தும், ஐபிஎக்ஸ் போகாது. அடுத்து முக்கியமானது பிரேம் வகை, அதாவது வயரில் பாக்கெட்டைக் கட்டி அனுப்பும் வடிவம். நெட்வேர் 3.11 வரை இயல்பாக இருந்தது 802.3, 3.12-இலிருந்து 802.2. ஆனால் 1994-ல் அமைத்தவர் பழைய மெஷின்களுக்காக 802.3-ஐயே வைத்திருக்கலாம். சர்வர் கன்சோலில் கான்ஃபிக் என்று தட்டினால் பிரேம் வகையும் நெட்வொர்க் எண்ணும் திரையில் வந்துவிடும். அதையே எக்ஸ்பி-யின் ஐபிஎக்ஸ் அமைப்பில் கையால் போடுங்கள். இது பொருந்தாவிட்டால் வயர், விளக்கு, லாக்-இன் பெயர் எல்லாம் சரியாக இருந்தும் சர்வர் கண்ணில் படாது. உள்ளே நுழைந்ததும் எஃப் டிரைவ் எக்ஸ்பி-யில் தெரியும், அங்கிருந்து பகிர்ந்த போல்டர் வழியாக லேப்டாப்புக்கு எடுத்துக்கொள்ளலாம். டாஸ் மெஷின்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். லைசென்ஸ் 5 பேருக்கானது என்றால் எக்ஸ்பி-யும் ஒரு ஆளாகக் கணக்கில் சேரும்.

எந்த வழியானாலும் கணக்குப்பிள்ளை ஐயா நிரலை மூடிய பிறகே காப்பி எடுங்கள். டிபேஸ், பதிவுகளின் எண்ணிக்கையைக் கோப்பை மூடும்போதுதான் தலைப்பகுதியில் சரியாக எழுதும். எஃப்டிபி-யானால் பைனரி முறையில் மட்டும். டெக்ஸ்ட் முறையில் எடுத்த டிபிஎஃப் (டிபேஸ் கோப்பு), வரி முடிவு என்று நினைத்துச் சில பைட்டுகளை மாற்றிக்கொண்டு வரும். திறந்தால் முதல் சில பெயர்கள் ஒழுங்காக இருக்கும், பிறகு ஒவ்வொரு கட்டமும் ஓரெழுத்து நகர்ந்து புள்ளி எண்ணும் தொகையும் கலந்து கிடக்கும். சரிபார்க்க நிச்சயமான கணக்கு ஒன்று உண்டு. ஹெக்ஸ் வியூவரில் (பைட்டுகளை எண்களாகக் காட்டும் நிரல்) கோப்பைத் திறந்தால், டிபேஸ் III கோப்பானால் முதல் பைட் 03 அல்லது 83 இருக்கும். முதல் பைட்டைப் பூஜ்யம் என்று எண்ணிக்கொண்டால் 4 முதல் 7 வரை பதிவுகளின் எண்ணிக்கை, 8-9 தலைப்பகுதி நீளம், 10-11 ஒரு பதிவின் நீளம். எல்லாமே சிறிய பைட் முதலில். தலைப்பகுதி 417, பதிவு நீளம் 120, பதிவுகள் 1,500 என்றால் 417 + 1,80,000, கடைசி முடிவுக்குறி 1, ஆக 1,80,418 பைட். கோப்பின் அளவு இதோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு பைட் வித்தியாசம் முடிவுக்குறியால் வரலாம், அதற்குமேல் என்றால் மறுபடி இழுங்கள். முதல் பைட் 83 என்றால் குறிப்புகள் தனியாக டிபிடி கோப்பில் இருக்கின்றன, அதையும் சேர்த்து எடுங்கள். இண்டெக்ஸ் கோப்புகளை விட்டாலும் நஷ்டமில்லை, மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம்.

எழுத்து விஷயத்தில் கோப்பைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆங்கில எழுத்தில் பெயர்களை அடித்திருந்தால் பிரச்சினையே இல்லை. தமிழில் என்றால், அந்தக் காலத்து டாஸில் தமிழ் தெரிவதற்கு சி-டாக் தயாரித்த ஜிஸ்ட் கார்டு பரவலாக இருந்தது, அது இஸ்கி (இந்திய மொழிகளுக்கான தரக் குறியீடு) முறையில் எழுத்துகளைச் சேமிக்கும். வேறு மென்பொருள்கள் தங்கள் எழுத்துருவுக்கேற்ற குறியீட்டைப் போட்டன. எது என்று பிரித்தறிய ஊர்ப் பெயர்களே போதும். காரைக்குடி, கோட்டையூர், தேவகோட்டை மூன்றையும் ஹெக்ஸ் வியூவரில் தேடுங்கள். கோட்டையூரும் காரைக்குடியும் ஒரே பைட்டில் தொடங்கினால் எழுத்துகள் ஒலி வரிசையில் இருக்கின்றன: முதலில் க, பிறகு அதன் உயிர்க்குறி. இஸ்கி அப்படித்தான், அந்த பைட் பி3 என்றால் சந்தேகமே வேண்டாம். கோட்டையூரும் தேவகோட்டையும் ஒரே பைட்டில் தொடங்கினால் பார்வை வரிசை: கண்ணுக்கு முதலில் தெரியும் இரட்டைக்கொம்பு கோப்பிலும் முதலில் நிற்கிறது. இஸ்கி என்றால் ஐசியூ என்கிற மென்பொருள் நூலகத்தின் மாற்றி யூனிகோடாக்கிவிடும். பார்வை வரிசையில் டிஸ்கி (தமிழுக்கான பழைய குறியீடு) என்றால் லினக்ஸின் ஐகான்வ் கட்டளை போதும். இரண்டும் ஒத்துவராத சொந்த எழுத்துரு என்றால், ஒரு பெயர்ப் பட்டியலை அச்செடுத்து வைத்துக்கொண்டு பைட்டுக்கு எழுத்து அட்டவணை கையால் போட வேண்டியதுதான். இரண்டு மூன்று நாள் பிடிக்கும் வேலை, ஆனால் முடியாததில்லை. எதுவானாலும் மாற்றுவதைக் காப்பியில் மட்டும் செய்யுங்கள், மூலக் கோப்பு மூலமாகவே இருக்கட்டும். கட்டத்தின் நீளம் பைட்டில் எண்ணப்படுவதால், யூனிகோடாக்கிய பெயரை அதே டிபிஎஃப்-இல் திருப்பி எழுதினால் வால் வெட்டுப்படும். காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுப்பது நல்லது.

வேலையின் வரிசையில் ஒரு எச்சரிக்கை. முதல் காப்பி லேப்டாப்பில் வந்து மேலே சொன்ன அளவுச் சோதனை தேறும்வரை சர்வரை அணைக்காதீர்கள். வருஷக்கணக்கில் நிற்காமல் சுற்றிய டிஸ்க், குளிர்ந்துவிட்டால் மறுபடி சுற்ற மறுக்கலாம். சர்வர் கார்டின் ஜம்பரையோ அமைப்பையோ மாற்றுவதைத் தவிர, மேலே சொன்ன வயர் வேலை எதற்கும் சர்வரை அணைக்கத் தேவையில்லை. யுபிஎஸ் பாட்டரியை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். கரண்ட் போகிற நாளில் இதைத் தொடங்க வேண்டாம். காப்பி கைக்கு வந்த பிறகு கன்சோலில் டவுன், அடுத்து எக்ஸிட் என்று தட்டி முறையாக இறக்கிவிட்டு மூடியைத் திறந்து பாருங்கள். 486 போர்டுகளில் பீப்பாய் வடிவ நிக்கல்-காட்மியம் பாட்டரியைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். அதைச் சுற்றிப் பச்சையும் நீலமுமாகப் பொடி பூத்திருந்தால் காரம் கசிந்து செம்புக் கோடுகளை அரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மின்வேதியியலுக்கென்றே மத்திய ஆய்வகம் இருக்கிற காரைக்குடிப் பக்கத்தில் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. ஹார்ட் டிஸ்க் மேல் ஒட்டிய தாளில் இருக்கும் சிலிண்டர், ஹெட், செக்டார் எண்களையும், இப்போது பயாஸ் திரையில் காட்டும் எண்களையும் காகிதத்தில் எழுதிக்கொண்ட பிறகே பாட்டரியை வெட்டி எடுங்கள், எடுத்ததும் அந்த எண்கள் மறந்துபோகும். கசிந்த இடத்தை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோபுரப்பைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மறுபடி கரண்ட் கொடுங்கள்.